குறைகுடம் கூத்தாடினால் என்ன?

தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்த படம் பேப்பரில் வந்தால், டீக்கடையில் யாராவது ஒருவர் "எல்லாம் நாடகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார். சொன்னவர் கெட்டவர் இல்லை. அன்று காலை அவர் வீட்டிலும் தண்ணீர் வந்திருக்காது. இருந்தாலும் கேமராவுக்கு முன்னால் குடத்தைத் தூக்கிக் காட்டுவதில் ஏதோ பொய் இருப்பதாக அவருக்குப் படுகிறது.

இதற்கு நேரெதிரான கூட்டமும் உண்டு. கருத்தரங்கு மேடையில் ஏறி, "குடம் என்பது ஒரு குறியீடு" என்று ஆரம்பித்து, கேட்பவர் கொட்டாவி விடும்வரை குறியீட்டின் மேல் குறியீடாக அடுக்குவார்கள். இரு தரப்பும் விட்டுவிட்டது ஒன்றுதான்: குடத்தை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகள், ஒரு கொத்தனார், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், முன்பு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்த பெரியவர் ஒருவர் என்று கலவையான கூட்டம். ஒருநாள் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிட்டு அதைப் பற்றி மட்டும் பேசுவது என்று முடிவு செய்தோம். குடம் பக்கத்து வீட்டு அக்காவுடையது. "தண்ணி வந்தா உடனே வேணும், கேட்டியளா" என்ற நிபந்தனையோடுதான் தந்தார். அன்று பேசியதையும், அதன்பிறகு நான் யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். அன்றாடப் பொருள்கள் போராட்டத்தில் என்ன வேலை செய்கின்றன என்பதைப் பற்றி முன்பின் எதுவும் படித்திராதவர்களுக்காகத்தான் இது.

நாடகம் என்றால் பொய்யா?

ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, பெண்ணுக்கும் சம்மதம், இரண்டு வீடும் பேசி முடித்தாயிற்று. அப்புறம் எதற்கு மேளம், மேடை, நானூறு பேர்? தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் எதற்கு? எல்லோரும் பார்க்க, எல்லோருக்கும் தெரிந்த முறையில் செய்தால்தான் அந்தக் காரியம் முடிந்ததாக ஊர் ஒப்புக்கொள்ளும். "கல்யாணம் எல்லாம் நாடகம்" என்று யாரும் சொல்வதில்லை. மேளமும் மேடையும் இருப்பதால் அந்தக் கல்யாணம் பொய்யாகிவிடவில்லை.

இப்படி, பிறர் பார்க்கும்படி, ஊருக்குப் பழகிய ஒரு முறையில், ஒரு காரியத்தைச் செய்வதற்கு நிகழ்த்துதல் என்று பெயர். கூத்தும் நாடகமும் நிகழ்த்துதலின் ஒரு வகை. கல்யாணம், கொடைவிழா, சப்பரப் பவனி, கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்வது, கிரிக்கெட்டில் அவுட் என்று நடுவர் விரலைத் தூக்குவது எல்லாமே அதில் அடங்கும். நிகழ்த்துதல் என்று சொல்லிவிட்டால் உண்மையா பொய்யா என்ற கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகாது. அது தனிக் கேள்வி. பொய்யாகத் தாலி கட்டியவர்களும் உண்டு, உண்மையாகக் கட்டியவர்களும் உண்டு. மேளம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அமெரிக்க நாடக இயக்குநரும் ஆய்வாளருமான ரிச்சர்ட் ஷெக்னர் இதைப் பற்றி நிறைய யோசித்தவர். அவர் சொல்வதில் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நிகழ்த்துதலில் நாம் செய்கிற எதுவும் முதல்முறையாகச் செய்வது இல்லை. வேறெங்கோ ஏற்கெனவே செய்து பழகிய செயலை, அந்த இடத்திலிருந்து பிரித்தெடுத்து, இன்னொரு இடத்தில் மறுபடி செய்கிறோம். ஒரு செடியில் வெட்டி இன்னொன்றில் ஒட்டுக் கட்டிய கிளை மாதிரி. இதை மீட்ட நடத்தை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வையுங்கள், குடத்துக்கு வரும்போது தேவைப்படும்.

ஆக, டீக்கடையில் பேப்பர் படித்தவர் "நாடகம்" என்று சொன்னது பாதி சரி. அது நிகழ்த்துதல்தான். அதனாலேயே பொய் என்று முடித்துக்கொண்டதில்தான் தவறினார்.

குடத்தைத் தட்டிப் பார்ப்போம்

"நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்" என்பது நாம் எல்லோரும் திட்டு வாங்கிய பழமொழி. அரைகுறையாகப் படித்தவன்தான் ஆட்டம் போடுவான் என்று அர்த்தம். அன்றைக்குப் பிளஸ் ஒன் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஏன் குறைகுடம் மட்டும் ஆடுது?"

கேட்கவேண்டிய கேள்விதான். குடத்தின் வயிறு அகலம், கழுத்து குறுகல். நிறைய மொண்டால் தண்ணீரின் மேல்மட்டம் கழுத்தில் நிற்கும். அங்கே அசைய இடம் ஒரு சாண்கூட இல்லை. பாதி மொண்டால் மேல்மட்டம் வயிற்றின் அகலத்துக்கு விரிந்துகிடக்கும். நாம் வைக்கிற ஒவ்வோர் அடியும் அந்த அகலப் பரப்பை ஒரு பக்கமாகச் சாய்க்கும், அடுத்த அடி மறுபக்கம் சாய்க்கும். நடையின் தாளமும் தண்ணீரின் ஆட்டமும் ஒத்துப்போனால் அலை பெரிதாகிக்கொண்டே போய் இடுப்பில் தண்ணீர் கொட்டும். பழமொழி சொன்னவர்கள் இதை இடுப்பில் அனுபவித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது சத்தம். பெரியவர் அந்தப் பிளாஸ்டிக் குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, ஒரு பழைய நோட்டின் அட்டையைக் கிழித்து அதன் வாயில் அடித்தார். 'பொம்' என்று அடித்தொண்டைச் சத்தம் வந்தது. பிள்ளைகள் அசந்துபோனார்கள், பிளாஸ்டிக்கில் இப்படி ஒரு சத்தமா என்று. உடம்பில் தட்டினால் 'டப்' என்று செத்த சத்தம்தான். வாயில் அடித்தால் மட்டும் வேறு. காரணம் இதுதான்: பேசுவது குடம் இல்லை, உள்ளே இருக்கும் காற்று. கழுத்தில் நிற்கிற காற்று ஒரு சிறிய கட்டியைப் போல. வயிற்றுக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல. வாயில் அடித்ததும் கட்டி உள்ளே அமுங்குகிறது, ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளுகிறது, மறுபடி அமுங்குகிறது. ஒரு நொடியில் பல தடவை நடக்கும் இந்த ஊசலாட்டமே சத்தம். 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை ஆராய்ந்து விளக்கியதால் இவ்வகை ஒத்ததிர்வுக்கு அவர் பெயர். குழாயடியில் குடம் நிறைய நிறையச் சத்தம் மேலே ஏறிக்கொண்டே போவதைக் கேட்டிருப்பீர்கள். தண்ணீர் ஏற ஏற உள்ளே காற்றுக்கு இடம் குறைகிறது, ஸ்பிரிங் விறைக்கிறது. சத்தத்தை வைத்தே நிறைந்துவிட்டது என்று அடுப்படியிலிருந்து ஓடிவருகிறவர்களுக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் தெரியாமலிருக்கலாம், விஷயம் தெரியும்.

வில்லுப்பாட்டில் வில்லைக் குடத்தின் மேல் வைத்துக் கட்டி, குடத்தின் வாயைக் கமுகம்பாளை மட்டையால் அடிப்பது இந்தச் சத்தத்துக்காகத்தான். நம் பக்கம் சுடலைமாடன் கோயிலிலோ, முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயிலிலோ கொடை என்றால் வில்லும் குடமும் உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் இல்லாமல் நடக்காது. முன்னால் பாடுகிறவருக்குப் பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போட்டுக்கொண்டே போவார்கள். அதற்கெல்லாம் அடியில் குடத்தின் 'பொம்'. குடம் காலியாக இருந்தால்தான் இது நடக்கும். பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நெறஞ்ச கொடம் குடிக்கத்தான் ஆவும் மக்களே. கத சொல்லணும்னா காலிக் கொடம்தான் வேணும்."

இப்படி ஒரே பொருளைப் பல பாடங்களின் கண்ணால் சேர்த்துப் பார்ப்பதுதான் பல்துறைச் சிந்தனை. அந்தப் பெயரில் பள்ளிக்கூடங்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. குடத்தைப் பற்றி அறிவியலில் ஒரு பத்தி, வரலாற்றில் ஒரு பத்தி, தமிழில் ஒரு பாட்டு, ஒரு சார்ட், அதற்கு மதிப்பெண். சாம்பார், ரசம், மோர் என்று தனித்தனியாக ஊற்றி முடிப்பது மாதிரி. ஒரு துறை தந்த பதில் இன்னொரு துறைக்குக் கேள்வியாக மாறும்போதுதான் பல்துறைச் சிந்தனை ஆரம்பிக்கிறது. காலிக் குடம்தான் உரக்கப் பேசும் என்று இயற்பியல் சொல்லிவிட்டது. அப்படியானால் காலிக் குடத்தோடு சாலைக்கு வருகிற பெண்கள் ஏன் அதை அடிப்பதில்லை? ஏன் பேசாமல் கீழே வைக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு இயற்பியலில் பதில் கிடையாது.

பொருள் இடம் கொடுக்கும்

ஆலமர வேர் உட்கார இடம் கொடுக்கும், முள்ளுக்கம்பி கொடுக்காது. கதவின் கைப்பிடி இழு என்கிறது, தட்டையான பலகை தள்ளு என்கிறது. ஒரு பொருள், அதைக் கையாள்பவரின் உடம்புக்கு எதைச் செய்ய வழிவிடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் ஒரு தனிக் கருத்தாக வளர்த்தார். தமிழில் அதை இடங்கொடுப்பு என்று சொன்னால் போதும். 'அவனுக்கு இடம் கொடுத்துட்டே' என்று நாம் சொல்கிற அதே இடம்தான்.

குடம் எதற்கெல்லாம் இடம் கொடுக்கிறது? குறுகிய கழுத்து நான்கு விரல் பிடிக்க. உருண்ட வயிறு இடுப்பில் உட்கார. மண்குடத்துக்கு அடியும் உருண்டை, அதனால் தரையில் புரிமணை, தலையில் சும்மாடு. 15 லிட்டர் பிடிக்கும் குடம் என்றால் தண்ணீர் மட்டும் 15 கிலோ. அதை இடுப்பில் ஏற்றினால் உடம்பு மறுபக்கம் சாயும், ஒரு கை முழுக்க அதற்கே போய்விடும். ஆக, நிறைகுடம் ஏந்தியவர் போராட முடியாது, நடக்கத்தான் முடியும். காலிக் குடம் ஒரு விரலில் தொங்கும். கையும் வாயும் சும்மா இருக்கும். தண்ணீர் இல்லாத நாளில்தான் குடம் கூட்டத்துக்கு வரும் அளவுக்கு எடை குறைகிறது!

பித்தளை போய் பிளாஸ்டிக் வந்ததையும் இங்கே சேர்த்துக்கொள்ளவேண்டும். பித்தளைக் குடத்தில் பெயர் வெட்டியிருக்கும், சீர் வரிசையில் வந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டுபோய் லாரி வருகிற ரோட்டில் யாரும் வைக்கமாட்டார்கள். பிளாஸ்டிக் குடம் போனால் போகட்டும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று தூரத்திலிருந்தே தெரியும், படத்திலும் எடுப்பாக விழும். போராட்டத்தின் வரலாற்றில் பிளாஸ்டிக் கம்பெனிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கொத்தனார் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

குடம் நிற்கிற வரிசை

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறோம்.

தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்வரை நின்றால் சோறு யார் பொங்குவது? அதனால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவோம். பச்சைக் குடம் மேலவீட்டு அக்கா, கழுத்து உடைந்த மஞ்சள் குடம் தையல்கடைக்காரர் வீடு. குடம் நிற்கும் இடம் ஆள் நிற்கும் இடம். குடத்தை நகர்த்தினால் ஆளைத் தள்ளிவிட்ட மாதிரி. அதற்குச் சண்டை நடக்கும், பெரிய சண்டையே நடக்கும். யாரும் எழுதிவைக்காத சட்டம் இது, ஆனால் ஊரே மதிக்கிற சட்டம். நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்போது அந்தச் சாலை மறியல் படத்தைத் திரும்பப் பாருங்கள். குடங்கள் எப்படி இருக்கின்றன? சாலைக்குக் குறுக்கே, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, வரிசையில். பின்னால் பெண்கள். குழாயடியில் நின்ற வரிசை அப்படியே எழுந்து நடந்து நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது. மீட்ட நடத்தை என்று சொன்னது இதைத்தான். யாரும் ஒத்திகை பார்க்கவில்லை, யாரும் இயக்கவில்லை. தினமும் செய்து செய்து கையில் ஊறிப்போன செயல் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இடம் மாறியதில் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. குழாயடியில் குடம் "நான் காத்திருக்கிறேன்" என்று சொன்னது. சாலையில் அதே குடம் "இப்போது நீங்கள் காத்திருங்கள்" என்கிறது, பஸ்ஸைப் பார்த்து, காரைப் பார்த்து, ஜீப்பில் வந்து இறங்குகிற அதிகாரியைப் பார்த்து.

பஸ் டிரைவர் ஏன் அந்தக் குடத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போகவில்லை? பிளாஸ்டிக் குடம் பஸ்ஸைத் தடுக்குமா? தடுக்காது. குடம் நிற்கிற இடம் ஆள் நிற்கிற இடம் என்ற சட்டம் டிரைவருக்கும் தெரியும் என்பதுதான் காரணம். அவர் வீட்டுக் குடமும் எங்கோ ஒரு வரிசையில் நிற்கிறது.

குடம் தண்ணீரின் குறியீடு என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எனக்குப் போதாததும் இதனால்தான். தண்ணீரின் குறியீடு வேண்டுமென்றால் ஓர் அட்டையில் நீலத் துளி வரைந்து பிடிக்கலாம். அதை யாரும் மதிக்கமாட்டார்கள். தன் தினசரி வேலையை முதுகில் கட்டிக்கொண்டே குடம் போராட்டத்துக்கு வருகிறது. அதற்குத்தான் மதிப்பு.

நம் மாவட்டத்தில் இதைச் சொல்லும்போது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை உண்டு. குளங்கள் எத்தனையோ. இங்கே எதற்குக் காலிக் குடம்? கடலோரக் கிராமங்களில் கிணறு தோண்டினால் உப்பு ஏறும் என்று ஆசிரியை விளக்கினார். மழை பெய்வதும் குழாயில் வருவதும் ஒன்றில்லை, நடுவில் குழாய், மோட்டார், டேங்க், பில், ஆள் என்று ஒரு நீண்ட சங்கிலி. குடத்திலிருந்து புவியியலுக்கும் அங்கிருந்து ஊராட்சி நிர்வாகத்துக்கும் பேச்சு இப்படித்தான் போனது, யாரும் பாடவேளை மாற்றி மணி அடிக்காமல்.

ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வோம். நிகழ்த்துதல் பொய் அல்ல. பழகிய செயலை இடம் மாற்றிச் செய்வது அது. எந்தச் செயலை எங்கே மாற்றலாம் என்பதைப் பொருளின் இடங்கொடுப்பும், அதைச் சுற்றி ஊரில் இருக்கும் எழுதாத சட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

சிலியில் சத்தம், இங்கே வரிசை

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் பாத்திரங்களை வரிசையில் வைக்கவில்லை, அடித்தார்கள். 1971 டிசம்பரில் தலைநகர் சாண்டியாகோவில், உணவுத் தட்டுப்பாட்டைச் சொல்லி அதிபர் அயெந்தேயின் அரசுக்கு எதிராகப் பெண்கள் காலிச் சமையல் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 1973-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பத்து வருடம் கழித்து, 1983-இல், ராணுவத் தளபதி பினோசெட்டின் ஆட்சியை எதிர்த்தவர்களும் அதே பாத்திரத்தை எடுத்தார்கள். அப்போது தெருவுக்கு வந்தால் ஆபத்து. அதனால் இரவில் வீட்டுக்குள்ளிருந்தபடியே தட்டினார்கள்.

பாத்திரத்தின் இடங்கொடுப்பைக் கவனியுங்கள். உலோகப் பாத்திரமும் கரண்டியும் எந்த அடுப்படியிலும் சேர்ந்தே இருக்கும். சத்தம் சுவர் தாண்டும், தட்டியவர் முகம் தாண்டாது. ஆள் வெளியே வர முடியாத இடத்தில் சத்தம் வெளியே வரும். நம் குடமோ சத்தத்துக்கு இல்லை, இடம் பிடிப்பதற்குப் பழகியது. காலிக் குடத்தை ஏன் அடிப்பதில்லை என்று இயற்பியல் விட்டுவைத்த கேள்விக்குப் பதில் இதுதான். குடத்தால் சத்தம் போட முடியும், பெரியவர் போட்டுக் காட்டினாரே. ஆனால் குழாயடியில் அதன் வேலை சத்தம் இல்லை.

சிலிக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. முதலில் ஒரு தரப்பின் கையில் இருந்த பாத்திரம், பிறகு அதற்கு எதிர்த்தரப்பின் கைக்குப் போனது. பொருளுக்குக் கட்சி கிடையாது. நம் நாட்டில் 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்குத் தட்டைத் தட்டியது மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்ல. அதே வருடம் டிசம்பர் 27-ஆம் தேதி டெல்லி எல்லையில் விவசாயிகள் தட்டைத் தட்டியது பிரதமரின் வானொலி உரைக்கு எதிர்ப்பைக் காட்ட. ஒரே தட்டு, ஒரே சத்தம். யார், எங்கே, எப்போது என்பதுதான் வேறு.

காட்டுவது வேறு, செய்வது வேறு

இதுவரை பார்த்த குடமும் பாத்திரமும் ஒன்றைக் காட்டுகின்றன. இல்லாத தண்ணீரை, இல்லாத சோற்றை. சில பொருள்கள் அப்படி இல்லை. அவற்றை எடுத்த அந்த நொடியிலேயே கேட்டது நடந்துவிடுகிறது.

இதற்கு நாம் வெளியே எங்கும் தேடவேண்டாம். கல்குளமும் இரணியலும் போதும். நம் மாவட்டம் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியில் நாடார் முதலிய சாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக்கூடாது என்று வழக்கம் வைத்திருந்தார்கள். உயர்சாதியார் முன் திறந்திருப்பதுதான் மரியாதை என்று பெயர். 1820-களில் இந்தப் பகுதிப் பெண்கள் தோள்சீலை அணிந்து சந்தைக்குப் போனார்கள், அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. மறுபடி அணிந்தார்கள். 1850-களின் கடைசியில் மோதல் மீண்டும் வெடித்தது. 1859 ஜூலை 26-இல்தான் அரசர் உத்திரம் திருநாள் அறிக்கை விட்டு அனுமதித்தார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக்கூடாது என்று ஒரு கண்ணியை வைத்தார்கள். ஒரு முழத் துணியை எப்படிப் போடுவது என்று அரசாங்கம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது!

அந்தப் பெண்கள் "எங்களுக்குத் தோள்சீலை வேண்டும்" என்று அட்டை பிடிக்கவில்லை. அணிந்தார்கள். கேட்பதும் எடுத்துக்கொள்வதும் ஒரே அசைவில் நடந்துவிட்டன. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜே.எல். ஆஸ்டின் சொற்களில் இதைப்போன்ற ஒன்றைக் கண்டார். "மழை பெய்கிறது" என்பது செய்தி. "மன்னித்துவிட்டேன்" என்பது செய்தி இல்லை, சொன்னதுமே மன்னிப்பு நடந்துவிடுகிறது. இப்படிச் சொல்வதே செய்வதாக இருப்பதற்குச் செயற்சொல் என்று பெயர் வைத்துக்கொண்டால், தோள்சீலை ஒரு செயற்பொருள். 1930-இல் தண்டியிலும் வேதாரண்யத்திலும் அள்ளிய உப்பும் அப்படித்தான். உப்பு சுதந்திரத்தைக் குறித்தது என்பது பிறகு வந்த விளக்கம். அள்ளிய நேரத்தில் அது சட்டத்தை மீறியது, அவ்வளவே.

சாமித்தோப்பில் இதன் இன்னொரு வடிவத்தை இன்றைக்கும் பார்க்கலாம். மேல்சாதியார் முன்னால் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டுவதுதான் பணிவு என்றிருந்த காலம். அய்யாவழி என்னும் வழிபாட்டு நெறியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர், 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்தவர், தம் மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். அந்த நெறியின் வழிபாட்டிடமான பதியில் இன்றும் ஆண்கள் தலையில் துணி கட்டித்தான் உள்ளே போகிறார்கள். கருவறையில் கண்ணாடி. கும்பிடப் போனவர் அதில் பார்ப்பது தலைப்பாகை கட்டிய தன் முகத்தை. துணி அதே துணிதான், இடுப்பிலிருந்து தலைக்கு ஏறியிருக்கிறது. இருநூறு வருடம் ஆகப்போகிறது, இப்போது அங்கே யாரும் அதைப் போராட்டம் என்று சொல்வதில்லை, வழிபாடு என்றுதான் சொல்கிறார்கள். போராட்டம் சடங்காகிவிட்டால் அது நீர்த்துப்போய்விட்டதா, நிலைபெற்றுவிட்டதா? எங்கள் படிப்பகத்தில் அன்று கடைசிவரை இதற்கு முடிவு வரவில்லை. நான் நிலைபெற்றது என்கிற கட்சி.

சுருக்கமாக: சில பொருள்கள் குறையைக் காட்டும், சில பொருள்கள் உரிமையை அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வகைக்கு அடி அதிகம் விழும்.

போராட்டக் கையிருப்பு

மறியல், உண்ணாவிரதம், கடையடைப்பு, கருப்புக்கொடி, மனு. தமிழ்நாட்டில் எந்தப் பிரச்சினை வந்தாலும் இதில் ஒன்றுதான். ஏன் புதிதாக யாரும் கண்டுபிடிப்பதில்லை? அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டில்லியின் விளக்கம் எளிமையானது. ஒரு ஊருக்கு, ஒரு காலத்துக்கு, போராடத் தெரிந்த வழிகள் எண்ணிக்கையில் குறைவு. மளிகைக்கடைக் கையிருப்பு போல. இருப்பதிலிருந்துதான் எடுக்க முடியும். அது மெதுவாகத்தான் மாறும். இதைப் போராட்டக் கையிருப்பு என்று சொல்லலாம்.

கையிருப்பில் புதுச் சரக்கு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் தொழிலிலிருந்தும் சடங்கிலிருந்தும்தான். பாடை கட்டித் தூக்குவதும் ஒப்பாரி வைப்பதும் சாவு வீட்டிலிருந்து வந்தவை. மாவட்ட எல்லை தாண்டி இடிந்தகரையில், 2012-இல், கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக மீனவர்கள் கடலுக்குள் இறங்கிச் சங்கிலியாக நின்றார்கள், படகுகளைத் திரட்டி முற்றுகையிட்டார்கள். கடலில் இறங்குவது அவர்களுக்கு வேலைக்குப் போவது. ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத 2017 டிசம்பரில், நம் கடலோர மக்கள் திரண்டு போய் குழித்துறை ரயில்நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அன்று கையில் பெரிதாகப் பொருள் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்து யாரும் நாடகம் என்று சொல்லவும் இல்லை.

கையிருப்புக்கு ஒரு நோய் உண்டு. பழகிப்போகும். 'காலிக் குடங்களுடன் சாலை மறியல்' என்ற தலைப்பு எழுத நிருபர் ஊருக்கே வரவேண்டியதில்லை. அதிகாரிக்கும் தெரியும், அரைமணி நேரத்தில் வந்து இரண்டு நாளில் சரிசெய்வதாகச் சொன்னால் குடங்கள் எழுந்துவிடும் என்று. அதனால்தான் சிலர் அதிர்ச்சிக்குப் போகிறார்கள். 2017-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் தமிழக விவசாயிகள் மண்டையோடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அப்படி. கேமரா ஓடிவந்தது. ஆனால் மண்டையோட்டுக்குத் தினசரி வேலை எதுவும் இல்லை. அடுத்த நாள் அதைவிடப் பெரிய அதிர்ச்சி தேவைப்பட்டது, அதற்கடுத்த நாள் இன்னும் பெரியது. குடத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அது மறுநாள் காலையிலும் குழாயடிக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இதற்குப் பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு பொருளை நடுவில் வையுங்கள். விலை அதிகமில்லாததாக, எல்லோர் கையும் பழகியதாக இருக்கவேண்டும். முதலில் அதன் அர்த்தம் என்ன என்று கேட்காதீர்கள். அங்கேதான் எல்லாக் கூட்டமும் கெட்டுப்போகிறது. தினமும் அதை வைத்து என்ன செய்கிறோம் என்று கேளுங்கள். தூக்கச் சொல்லுங்கள், தட்டச் சொல்லுங்கள். அதைச் சுற்றி என்ன சண்டை வரும் என்று கேளுங்கள், எழுதாத சட்டம் சண்டையில்தான் வெளியே தெரியும். அப்புறம் அதை அதற்குச் சொந்தமில்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள். சொளவை, அதாவது முறத்தை, பஞ்சாயத்து ஆபீஸ் மேசையில். ரப்பர் பால் வடிகிற சிரட்டையைச் சந்தை நடுவில். யார் முகம் சுளிக்கிறார்கள், ஏன்?

நாங்கள் அடுத்த வாரத்துக்குச் சிரட்டை என்று முடிவு செய்தோம். அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிற ஒருவரைக் கூட்டிவருவதாகக் கொத்தனார் சொன்னார். குடத்தை ரோட்டில் வைத்துக் காட்டலாமா என்று ஒரு பையன் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் வாசலில் அக்கா வந்து நின்றார். தண்ணீர் வந்துவிட்டதாம், அவர் இடத்தில் குடம் இல்லாததால் பின்னால் நின்றவர்கள் முன்னால் போய்விட்டார்களாம். பெரியவரின் மடியிலிருந்த குடத்தை வாங்கி, உள்ளே விழுந்திருந்த அட்டைத் துண்டை உதறிவிட்டு, எங்களில் ஒருவரையும் பார்க்காமல் வேகமாக நடந்தார்.